தோழிக்குத் தோழி லீடர்

படிக்கும் முறை, நேரத்தைப் பயன்படுத்துவது, நல்ல நட்பு. இந்த மூன்றைப் பற்றியும் மாணவிகளிடம் எப்படிப் பேசுவது என்று புதிதாக வேலைக்கு வந்திருக்கும் நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். பேசாமல் இருந்துவிடுங்கள் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. திருவண்ணாமலையில் மலை சுற்ற வருகிறவர்களைவிடப் பிள்ளைகளுக்கு அறிவுரை சொல்கிறவர்கள் ஜாஸ்தி. அவர்களோடு நாமும் போய் வரிசையில் நிற்க வேண்டுமா?

ஆனாலும் கேட்டுவிட்டீர்கள். நான் கணக்கு டீச்சர். ரிட்டயர் ஆகியும் வாய் சும்மா இருப்பதில்லை. ஓய்வு பெறுவதற்கு முந்தின வருடம் பத்தாம் வகுப்பில் நடந்த ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். நீங்கள் கேட்ட மூன்றும் அதில் இருக்கிறது. தனித்தனியாகப் பிரித்துக் கொடுக்க என்னால் முடியாது.

எங்களுடையது டவுனில் இருக்கும் பெண்கள் பள்ளி. பாதிப் பிள்ளைகள் டவுன், மீதிப் பேர் சுற்றுவட்டக் கிராமங்கள். கிரிவலப் பாதையில் வீடோ கடையோ இருக்கிற பிள்ளைகளுக்குப் பௌர்ணமி என்றால் வீட்டில் வேலை நெருக்கும். இளநீர், டீ, சுண்டல், செருப்பு பார்த்துக்கொள்வது என்று குடும்பமே தெருவில் நிற்கும். மறுநாள் வகுப்பில் அந்தப் பிள்ளைகளின் இடம் காலியாக இருக்கும், அல்லது கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவார்கள். இதெல்லாம் உங்களுக்கும் போகப் போகப் பழகிவிடும்.

பத்தாம் வகுப்பில் எல்லாப் பள்ளிகளிலும் இருக்கிற ஏற்பாடு எங்களிடமும் இருந்தது. நன்றாகப் படிக்கிற பிள்ளையை லீடர் ஆக்கி, அவளிடம் நாலைந்து சுமாராகப் படிக்கிற பிள்ளைகளை ஒப்படைப்பது. காலையில் மணி அடிப்பதற்கு முன்னால் வராந்தாவில் குரூப் குரூப்பாக உட்கார்ந்து, முந்தின நாள் கொடுத்ததை ஒப்பிக்க வேண்டும். ஒப்பித்தவர் பெயருக்கு நேரே லீடர் டிக் போட்டு, ஒப்பிக்காதவர் யார் என்று வகுப்பாசிரியையிடம் சொல்ல வேண்டும். மறைத்தால் லீடருக்குத் திட்டு விழும். நமக்கு இது ரொம்ப வசதி. நாம் செய்ய வேண்டிய வேலையைப் பதினைந்து வயசுப் பெண் சம்பளமில்லாமல் செய்துவிடுகிறாள்.

ஏற்பாடு முழுக்கத் தப்பு என்று நான் சொல்லவில்லை. அதனால் தேறிய பிள்ளைகள் நிறைய. ஆனால் யாருக்கு யாரை லீடர் ஆக்குகிறோம் என்று பார்க்க வேண்டும். அந்த வருடம் தேன்மொழிக்குக் கொடுத்த குரூப்பில் பவித்ராவும் இருந்தாள். இரண்டு பேரும் ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்ச். சிநேகிதி சொன்னால் கேட்பாள், சீக்கிரம் மேலே வந்துவிடுவாள் என்று வகுப்பாசிரியை கணக்குப் போட்டார். இளம் டீச்சர், நல்ல மனசு, எந்நேரமும் உழைப்பு. அந்தக் கணக்கில் எங்கே இடிக்கிறது என்று ஸ்டாஃப் ரூமில் யாருக்கும் அப்போது தோன்றவில்லை.

தேன்மொழியின் அப்பா தேரடித் தெருவில் தையல்காரர். பெண் முதல் மார்க் எடுப்பாள், ஆனால் பயந்தாங்கொள்ளி. ஒவ்வொரு டெஸ்ட்டுக்கு முன்னாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாத்ரூம் பக்கம் ஓடுவாள். பவித்ராவுக்கு ஊர் மலைக்கு அந்தப் பக்கம் அடி அண்ணாமலை. அப்பா ஏழுமலைக்குக் கிரிவலப் பாதையில் டீயும் இளநீரும் விற்கும் கடை. பவித்ராவுக்குக் கணக்கு வராது, வாய் நன்றாக வரும். டெஸ்ட்டுக்கு முன்னால் தேன்மொழியை ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்து, கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போவதே அவள்தான். இவள் அவளுக்குக் கணக்கு சொல்லிக் கொடுப்பதை நாம் பார்த்தோம். அவள் இவளுக்குத் தைரியம் சொல்லிக் கொடுத்ததை எங்கே பார்த்தோம்? அதற்கு மார்க் ஏது?

தை மாதப் பௌர்ணமி முடிந்த மறுநாள் காலை. பவித்ரா ஒன்றும் படிக்காமல் வந்திருந்தாள். தேன்மொழி கேட்டாள், அவள் முழித்தாள். "தேனு, இன்னிக்கு ஒரு நாள் விட்டுடுடி" என்று கேட்டிருக்கிறாள். தேன்மொழியும் முதலில் விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தாளாம். குரூப்பில் இன்னொரு பெண், "அவளுக்கு மட்டும் என்னா ஸ்பெஷலா? அப்ப என்னையும் விடு" என்று கிளப்பிவிட்டாள். தேன்மொழிக்கு வேறு வழியில்லை. எழுந்து போய் வகுப்பாசிரியையிடம் சொல்லிவிட்டாள்.

அதோடு போயிருந்தால் ஒன்றுமில்லை. வகுப்பாசிரியைக்கு அன்று காலையில்தான் ரிவிஷன் மார்க்குகளைப் பற்றி மேலிருந்து ஏதோ திட்டு வந்திருந்தது. அந்தச் சூடு பவித்ரா மேல் இறங்கியது. வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தார். அதுவும் போதாமல், எல்லார் முன்னாலும் தேன்மொழியைப் பார்த்து, "இனிமே இவகூட சேராத. இவளால உன் மார்க்கும் போயிடும். புரியுதா?" என்றார். வாசலில் நின்ற பவித்ரா உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள். தேன்மொழி சரி என்று தலையை ஆட்டினாள்.

மறுநாள் பவித்ரா வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. ஒரு வாரம் ஓடிவிட்டது. விசாரித்தால், "இனிமே ஸ்கூலுக்கு வரல, பரீட்சையும் எழுதல" என்று அவள் சொன்னதாகப் பக்கத்து வீட்டுப் பெண் வந்து சொன்னாள்.

இந்த இடத்தில்தான் உங்கள் காதைக் கொஞ்சம் இந்தப் பக்கம் கொடுங்கள். ஸ்டாஃப் ரூமில் ஒருவர் மெதுவாகச் சொன்னார். "வரலன்னா விடுங்க மேடம். அவ எழுதி ஃபெயில் ஆனாதான் நம்ம பர்சன்டேஜ் குறையும். எழுதலன்னா கணக்குலயே வராது." சொன்னவர் கெட்டவர் இல்லை. அவருடைய பிள்ளைக்கு இப்படி நடந்தால் தூங்கமாட்டார். நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்ற பேச்சு நம் தலைமேல் ஏறி உட்கார்ந்துவிட்டால் நல்லவர்கள் வாயிலிருந்தும் இப்படி வரும். உங்கள் வாயிலிருந்தும் ஒரு நாள் வரும். வந்ததும் உங்களுக்கே காதில் விழ வேண்டும், அவ்வளவுதான்.

எனக்குக் கோபம் வந்தது. கோபத்தில் பேசினால் காரியம் கெடும் என்று தலைமையாசிரியையிடம் போனேன். அந்த அம்மா அதிகம் பேசமாட்டார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "நாளைக்கு உங்க லாஸ்ட் பீரியட நான் பாத்துக்கறேன். போய்ட்டு வந்துடுங்க" என்றார். பர்சன்டேஜ் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பள்ளியில் பெரிய பொறுப்பில் இருப்பவர் எதைச் சொல்லாமல் விடுகிறார் என்பதும் முக்கியம்.

மறுநாள் மாலை ஆட்டோ பிடித்து அடி அண்ணாமலை போனேன். பௌர்ணமி இல்லாத நாளில் அந்தப் பாதை சாவகாசமாக இருக்கும். ஒன்றிரண்டு வெள்ளைக்காரர்கள் செருப்பில்லாமல் நடந்துகொண்டிருந்தார்கள். கடையில் பவித்ரா இளநீர்க் கூடுகளை ஓரமாகக் குவித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் உள்ளே ஓடிவிட்டாள். ஏழுமலை பெஞ்சைத் துடைத்துவிட்டு, "வாங்க மிஸ், உக்காருங்க. டீ சாப்புடுறீங்களா?" என்றார்.

"டீ அப்புறம். பொண்ணு ஏன் ஸ்கூலுக்கு வரல?"

"நான் நிறுத்தலைங்க. சத்தியமா நிறுத்தல. கடைய நான் பாத்துக்கறேன், நீ போன்னு தெனமும் சொல்றேன். நான் எழுதினா ஸ்கூல் பேரு கெட்டுடும்னு சொல்றா. என்னா நடந்துதுன்னு கேட்டா வாயத் தொறக்கமாட்டேன்றா. நீங்களே கேளுங்க."

உள்ளே போனேன். அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்தேன். நமக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பிள்ளை மௌனமாக இருந்தால் அந்த இடத்தை நம் பேச்சால் நிரப்பிவிடுவோம். அன்று எப்படியோ வாயை மூடிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவளே ஆரம்பித்தாள்.

"தேனு மாட்டிவிட்டான்னு கோவம் இல்ல மிஸ். நான் படிக்கல, அவ சொன்னா. அது கரெக்ட்டுதான்."

"அப்புறம் என்ன?"

"சேராதன்னு மிஸ் சொன்னாங்க. அவ சரின்னு தலைய ஆட்டினா. நான் பாத்துட்டேன்." அதைச் சொல்லும்போதுதான் குரல் உடைந்தது. "எனக்கு கணக்கு வராது, இங்கிலீஷ் வராது. அந்த ஸ்கூல்ல எனக்குன்னு இருந்தது அவ ஒருத்திதான். இப்ப அங்க வந்து நான் என்னா பண்றது?"

அவளுக்கு என்ன பதில் சொல்வீர்கள்? பயத்தில் தலையாட்டியிருப்பாள், மனசில் வைத்துக்கொள்ளாதே என்று வாய் வரைக்கும் வந்தது. நான் சொல்லவில்லை. தேன்மொழிக்காக மன்னிப்புக் கேட்க நான் யார்? அது அந்தப் பெண்ணின் சமாச்சாரம். நான் கொண்டு வந்திருந்தது வேறு. "தேன்மொழி இனிமே உனக்கு லீடர் இல்ல. யாரும் உனக்கு லீடர் இல்ல. காலையில என்கிட்ட வா" என்றேன். தலைமையாசிரியையிடம் அதற்கு முன்பே ஒப்புதல் வாங்கியிருந்தேன்.

"வந்தா பாஸ் பண்ணுவனா மிஸ்?"

"தெரியாது" என்றேன். நிச்சயம் பாஸ் பண்ணுவாய் என்று சொல்லியிருக்கலாம். நாம் சொல்லும் நிச்சயமெல்லாம் பிள்ளைகளுக்குப் பழகிப்போயிருக்கிறது. அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "உன் நாள் எப்படிப் போகுதுன்னு சொல்லு. அதுக்கப்புறம் யோசிக்கலாம்" என்றேன்.

பள்ளியில் எல்லாருக்கும் ஒரே டைம்டேபிள் அச்சடித்துக் கொடுத்திருந்தோம். விடியற்காலையில் எழு, படி, குளி, படி, பள்ளிக்கு வா, திரும்பிப் போய் படி. பவித்ரா அதைப் பார்த்து என்றைக்கோ சிரித்து முடித்திருப்பாள். விடியற்காலையில் அவள் வீட்டில் பால் காய்ச்சி டீக்கடை திறக்கிறார்கள். அந்த நேரத்தில் அமைதியாக உட்கார அங்கே ஒரு மூலை கிடையாது. ஆனால் சாயங்காலம் கடையில் ஆளே இருக்காது. அப்பா மட்டும் போதும். அந்த நேரத்தில் அவள் செல்போனில் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தாள். அவளே சொல்லிவிட்டு அவளே நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"பௌர்ணமி அன்னிக்கும் மறுநாளும் நீ படிக்க வேணாம்" என்றேன்.

அவளுக்கு நம்ப முடியவில்லை. "வேணாமா?"

"உன்னால முடியாது. முடியாத நாள்ல படிக்கணும்னு எழுதி வெச்சுட்டு, படிக்கலியேன்னு அழுதுட்டு இருக்கறதுல யாருக்கு லாபம்? அந்த நாள அடிச்சுடு. மிச்ச நாள் சாயங்காலத்துல மட்டும் கைய வெக்காத."

நேரத்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். முதலில் எந்த நேரம் நம் கையில் இல்லை என்று பார்த்து அதை விட்டுவிட வேண்டும். பிள்ளைக்கு அப்போதுதான் மீதி நேரம் கண்ணில் படும். நாம் தலைகீழாகச் செய்கிறோம். இல்லாத நேரத்தை அட்டவணையில் போட்டு, பிள்ளையைக் குற்றவாளி ஆக்கி, அதற்குத் திட்டமிடல் என்று பெயர் வைக்கிறோம்.

இதற்கிடையில் டவுனில் தேன்மொழியின் நிலைமை சரியில்லை. அடுத்த ரிவிஷன் டெஸ்ட்டில், கண்ணை மூடிக்கொண்டு போடும் கணக்கைப் பாதியில் விட்டிருந்தாள். ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்று, "மிஸ், நான் அவகிட்ட சாரி சொல்லட்டுமா? நீங்க சொல்லிக் குடுங்க, எப்படிச் சொல்றது?" என்றாள்.

"அது உங்க ரெண்டு பேர் விஷயம்மா. நான் வசனம் எழுதிக் குடுத்தா அது என் சாரியா இருக்கும்."

"அவ பேசலன்னா?"

"பேசாம இருக்க அவளுக்கு உரிமை இருக்கு. நீ காத்திருக்கணும்."

அழுதாள். தோளைத் தட்டிக் கொடுத்தேன். அதற்கு மேல் எதுவும் செய்யவில்லை. இரண்டு பேரையும் கூப்பிட்டு நிற்க வைத்துக் கையைக் குலுக்கச் சொல்வது நம்மில் நிறையப் பேருக்குப் பிடித்த வைத்தியம். குலுக்குவார்கள், நமக்குத் திருப்தியாக இருக்கும். ஆனால் வகுப்பு முடிந்து வெளியே போகும்போது ஒருத்தி இந்தப் பக்கம் போவாள், இன்னொருத்தி அந்தப் பக்கம் போவாள்.

பவித்ரா திங்கட்கிழமை வந்தாள். வகுப்பாசிரியை அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது" என்று சொன்னதாகப் பிறகு கேள்விப்பட்டேன். அந்த இளம் டீச்சர் மேல் எனக்கு அன்றைக்கு மதிப்பு கூடியது. பவித்ரா வேறு பெஞ்சில் உட்கார்ந்தாள். சில நாள் இரண்டு பேரும் முகம் பார்க்கவில்லை. தேன்மொழி ஓரக்கண்ணால் பார்ப்பாள், அவள் கண்டுகொள்ளமாட்டாள். நடுவில் நிற்கிற எனக்குத்தான் தாங்கவில்லை. இருந்தாலும் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

ஒரு நாள் வரைபடம் போடச் சொன்னேன். பவித்ரா எழுந்து வந்து தேன்மொழி பக்கத்தில் நின்றாள்.

"கிராஃப் ஷீட்டு எக்ஸ்ட்ரா இருக்கா?"

தேன்மொழி அவசரத்தில் கையில் இருந்ததை எல்லாம் நீட்டிவிட்டாள். "ஒண்ணு போதும்டி" என்று ஒன்றை எடுத்துக்கொண்டு பவித்ரா அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். போர்டில் எழுதிக்கொண்டிருந்த நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் பவித்ரா சொன்னது காதில் விழுந்தது. "நீ சொல்லிக் குடு, கத்துக்கறேன். கேள்வி கேட்டு டிக் போடாத. அதுக்கு வேற ஆள் இருக்காங்க."

நட்பைப் பற்றி வகுப்பெடுக்கச் சொன்னால் நான் இதை மட்டும்தான் சொல்வேன். நாம் பெரிய பெரிய வார்த்தை தேடிக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் ஒரே வரியில் கோடு போட்டுவிட்டாள்.

அதற்கப்புறம் எல்லாம் சுபம் என்று நினைக்காதீர்கள். தேன்மொழிக்குக் குற்ற உணர்ச்சி போகவில்லை. தலையாட்டியதற்கு ஈடு கட்ட ஆரம்பித்தாள். பவித்ராவின் வீட்டுப்பாடத்தையும் இவளே போட்டு வந்தாள். பவித்ரா பேருந்துக்கு நின்றால் இவளும் நின்றாள். தன் படிப்பை விட்டுவிட்டு மாலையில் அவளோடு போனில் இருந்தாள். பார்க்கிறவர்களுக்கு ஆகா என்ன நட்பு என்று தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பயத்தில் விட்டுப் போவது ஒரு பக்கம் என்றால், பயத்தில் ஒட்டிக்கொள்வது இன்னொரு பக்கம். ஒரு நாள் பவித்ராவே, தேன்மொழி போட்டுக்கொண்டு வந்த நோட்டைத் திருப்பிக் கொடுத்து, "என் கையால போட்டாத்தான் எனக்கு வரும். நீ உன் வேலையப் பாரு தேனு" என்றாள். தேன்மொழியின் முகம் சுருங்கிப்போனது. தன்னை மறுபடியும் தள்ளுகிறாள் என்று நினைத்துவிட்டாள், பாவம்.

பரீட்சை அட்டவணை வந்தது. காலண்டரை எடுத்துப் பார்த்தேன். பங்குனிப் பௌர்ணமிக்கு மறுநாள் காலை கணக்குப் பரீட்சை. முந்தின சாயங்காலம் ஆரம்பிக்கும் கூட்டம் மறுநாள் காலையிலும் குறையாது. கிரிவலப் பாதையில் வண்டி விடமாட்டார்கள், பஸ்ஸெல்லாம் ஊருக்கு வெளியே நின்றுவிடும். "டவுன்ல தேன்மொழி வீட்டுல தங்கிடேன்" என்று பவித்ராவிடம் சொல்லிப் பார்த்தேன். "வேற எடத்துல எனக்குத் தூக்கம் வராது மிஸ். தூங்காம வந்தா ஒண்ணும் ஓடாது. காலையில அப்பா கூட்டிட்டு வந்து விட்டுடுவாரு" என்றாள். ஏழுமலையும், "கடைய மூடிட்டே வந்துடறேங்க" என்றார். பௌர்ணமிக் கூட்டத்தில் கடையை மூடுகிறேன் என்று அந்தப் பாதையில் ஒருவர் சொல்வது சாதாரணமில்லை. நான் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை.

கணக்குப் பரீட்சை அன்று கணக்கு டீச்சருக்கு ஹாலில் வேலை கிடையாது. நான் எங்கள் பள்ளி கேட் பக்கத்தில் வேப்ப மரத்தடியில் நின்றேன். பிள்ளைகள் வந்தார்கள், கும்பிட்டார்கள், உள்ளே போனார்கள். தேன்மொழி வந்தாள். உள்ளே போகவில்லை. என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள்.

"பவி இன்னும் வரல மிஸ்."

"வருவா. நீ போ."

"வரட்டும் மிஸ், சேந்து போறோம்."

முதல் மணி அடித்தது. பவித்ராவைக் காணோம். ஏழுமலைக்குப் போன் போட்டேன், தொடர்பு கிடைக்கவில்லை. பௌர்ணமிக் கூட்டத்தில் போன் எங்கே எடுக்கும்? தெருக் கோடியில் காவி வேட்டிகளும் தலையில் துணிப்பையுமாக ஜனங்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். பள்ளிச் சீருடை ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. இரண்டாம் மணி அடித்தது. கேட்டில் இருந்தவர், "வாம்மா, சாத்தணும்" என்றார். இன்னும் கொஞ்ச நேரம்தான் தாமதமாக வருகிறவர்களை விடுவார்கள். அதற்கப்புறம் யாராக இருந்தாலும் கிடையாது.

தேன்மொழி நகரவில்லை. முகம் வெளுத்திருந்தது, கை வயிற்றைப் பிடித்திருந்தது. "நான் ஒரு தடவ விட்டுட்டேன் மிஸ். இன்னொரு தடவ விடமாட்டேன். அவ வந்தாத்தான் நான் போவேன்."

எனக்குப் பயமாக இருந்தது. நிஜமாகவே பயம். ஒருத்தி வருவாளா என்று தெரியாது. வந்து நிற்கிறவளின் பரீட்சையும் போய்விட்டால்? அதட்டி உள்ளே தள்ளிவிடலாம். அப்படிப் போகிற பிள்ளை பேனாவைப் பிடிப்பாளா? நம் வேலையில் இப்படி ஒரு நிமிஷம் வரும். பாடப் புத்தகம், பயிற்சி வகுப்பு எதுவும் அப்போது உதவாது. அந்தப் பிள்ளையை அதுவரை எந்த அளவுக்குத் தெரிந்து வைத்திருக்கிறோமோ அதுதான் உதவும்.

"தேன்மொழி, என்னப் பாரு. அவ ஓடி வரான்னு வெச்சுக்கோ. வந்து உன்ன இங்க பாத்தா என்ன நினைப்பா?"

தேன்மொழி தெருவை விட்டு என் பக்கம் திரும்பினாள்.

"என்னால இவளும் போச்சேன்னு நினைப்பா. அந்த நினைப்போட அவளால கணக்குப் போட முடியுமா? நீ இங்க நிக்கறது அவளுக்காகவா, அன்னிக்குத் தலையாட்டினது உனக்கு உறுத்துதே, அதுக்காகவா?"

கொஞ்சம் கடுமையாகவே கேட்டுவிட்டேன். ஆனால் அவள் தாங்குவாள் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

"நிக்கறது என் வேலை. அவ வர வரைக்கும் நான் நிப்பேன், நகரமாட்டேன். எழுதறது உன் வேலை. போ."

ஒரு தடவை தெருவைப் பார்த்தாள். பிறகு புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே நடந்தாள். முதல் முறையாகக் கையைப் பிடிக்க யாரும் இல்லாமல், தனியாகப் பரீட்சை ஹாலுக்குப் போனாள். பாத்ரூம் பக்கம் திரும்பவே இல்லை.

நான் நின்றேன். கேட்டில் இருந்தவர் என்னைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னும் கொஞ்சம்தான் மேடம்" என்றார். நான் தலையாட்டினேன். அண்ணாமலையாரை வேண்டிக்கொண்டேனா என்று கேட்டால், வேண்டினேன். கணக்கு டீச்சருக்கும் சாமி உண்டு.

அப்போது கூட்டத்துக்குள் இருந்து நீலச் சீருடை ஒன்று பிய்த்துக்கொண்டு வெளியே வந்தது. செருப்பு கையில். காலெல்லாம் புழுதி. அவளுக்கு ரொம்பப் பின்னால் ஏழுமலை, "ஓடும்மா, ஓடு" என்று கத்திக்கொண்டே வந்தார். விடியும் முன்பே கிளம்பியிருக்கிறார்கள். ஆனால் கூட்டத்தோடு நடந்தால் கூட்டத்தின் வேகம்தான். நடுவில் எங்கோ தடுப்பு வைத்து நெடுநேரம் நிறுத்திவிட்டார்களாம்.

பவித்ரா பரீட்சை எழுதினாள், தேறினாள். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பெரிய மார்க் இல்லை, தேவைக்குக் கொஞ்சம் மேலே. தேன்மொழி வழக்கம்போல நிறைய வாங்கினாள். ஆனால் நான் உங்களுக்குச் சொல்ல நினைத்தது அந்த மார்க்குகளை இல்லை.

கேட்டுக்கு வந்தவள் மூச்சு வாங்கிக்கொண்டு என் கையைப் பிடித்தாள். ஹால் திறந்திருக்கிறதா, தன்னை விடுவார்களா, இதெதையும் கேட்கவில்லை.

"மிஸ், தேனு உள்ள போயிட்டாளா?"

"போயிட்டா."

"அப்பாடா" என்றாள். முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "எனக்காக வெளியவே நின்னுட்டு இருப்பாளோன்னு வழியெல்லாம் அதே பயம் மிஸ்."

செருப்பை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே ஓடினாள்.